சுத்தப் பதிப்பு

கொவென்ட்ரியில், சுற்றுச்சாலைக்கு வெளியே,
டயர்க் கடைக்கும் பூனைத்தீனிக் கிடங்குக்கும் நடுவே
எங்கள் அலுவலகம்.
சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் ஜிம்களுக்கும்
பாட்டு அனுப்புகிறோம்.
அனுப்புமுன் அதன் வாயைக் கழுவுவது என் வேலை.

முதல் நாள் டெஸ்மண்ட் பட்டியலைத் தந்தான்.
ஒன்பது பக்கம், அகரவரிசை.
மாலை வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்த ஆங்கிலம்
தயவுசெய்து, மன்னிக்கவும், சிரமம் இல்லையென்றால்.
மிச்ச ஆங்கிலம் முழுக்க இங்கே இருந்தது.
சிலதுக்கு அர்த்தம் கேட்டேன்.
காது சிவந்து
தேத்தண்ணி போடப் போய்விட்டான்.
பிறகு நானே விளங்கிக்கொண்டேன்.
தூசணம் எந்த மொழியிலும் தூசணம்தான்:
இரண்டு உறுப்பு, ஒரு தாய்.

திரையில் பாட்டு மீன்முள் மாதிரிக் கிடக்கும்.
தலையையும் வாலையும் பிடித்து
நடுச்சொல்லை உருவி எடுப்பேன்.
கால் நொடி மௌனம்.
மேளம் நிற்காது,
பாடுகிறவள் மட்டும்
ஏதோ விழுங்கிவிட்டுத் தொடர்வாள்.

வெட்டியதை எறிய மனம் வரவில்லை.
ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன்.
ஆட்கள் போன பிறகு ஒருநாள்
எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டேன்.
ஆயிரத்துச் சொச்சம் பேர்
கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட மாதிரி
இருந்தது.
பயமாக இல்லை.

பயம் கார்த்திகையில் வந்தது, ஒரு பியானோவோடு.
நீ போனால் உன் பஸ் எனக்குத் தெரியும், பேபி.
நீ பூட்டை மாற்றினால்
நான் வாசலில் விடியும்வரை நிற்பேன், பேபி.
என்னை விட்டால் உனக்கு ஒருவரும் இல்லாமல் பண்ணுவேன்,
அவ்வளவு அன்பு, பேபி.
மூன்று தரம் கேட்டேன்.
ஒன்பது பக்கத்தில் ஒன்றுகூட அதில் இல்லை.
"என் தங்கச்சியின் கல்யாணத்தில்
முதல் நடனம் இதுக்குத்தான்" என்றான் டெஸ்மண்ட்.

தயாபரன் ஒருநாளும் தூசணம் கதைத்ததில்லை.
கோயில் நிர்வாகசபை சாட்சி.
வாங்கோ, இருங்கோ, இன்னும் கொஞ்சம் போடுங்கோ.
கதவைச் சாத்தின பிறகும் நான் அவருக்கு நீங்கள்தான்.
"இனி அப்படிச் செய்யமாட்டீங்கள்தானே?"
மெல்லக் கேட்பார்.
கேட்டுக் கேட்டு
ஒவ்வொரு விரலாகப் பின்னுக்கு மடக்குவார்.

பொலிசில் என்னைத் தமிழில் கேட்ட பெண்
பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.
"ஏசவில்லையா அக்கா?
ஒண்டுமே ஏசவில்லையா?"

அன்றிரவு டெஸ்மண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு போனதும்
பியானோப் பாட்டைத் திறந்தேன்.
பதினொரு பேபி.
பதினொன்றையும் உருவினேன்.
விளிம்பு தெரியாமல், சீராக,
என் வேலையில் அதைவிடச் சுத்தமாக
நான் எதையும் வெட்டியதில்லை.

சனிக்கிழமை வெங்காயத்தடியில் நிற்கிறேன்,
கூரையிலிருந்து அது வருகிறது.
உன் பஸ் எனக்குத் தெரியும்,
பிறகு என் மௌனம்.
ஒன்பது வயதிருக்கும், ட்ராலியில் தொங்கியபடி ஒரு பெடியன்
அந்த ஓட்டைக்குள்
ஏழாம் பக்கத்து மூன்றாம் சொல்லை
ரொட்டி அடுக்கும்வரை கேட்கப் போட்டு நிரப்பினான்.
தாய் அவன் காதைப் பிடித்தாள்.
அந்தப் பாட்டில் கெட்ட சொல்லே இல்லை, தெரியுமா என்றாள்.
பெடியன் காதைத் தேய்த்துக்கொண்டு கேட்டான்:
"அப்ப ஏன் வெட்டினவை?"

நான் வெங்காயத்தைத் தெரிந்துகொண்டே இருந்தேன்.
அடுத்த வாசல் வந்தது, அடுத்த ஓட்டை.
இந்த முறை அவன் முணுமுணுத்தான்,
வாயசைவு எனக்குத் தெரிந்தது.

அந்தச் சொல்லில்
என்னைவிட அவனுக்கு உச்சரிப்பு நல்லம்.